ஓடும் காலும் நோக்கும் கண்ணும்

சென்னை மாநகரில் வைகறைப் பொழுதில் கடற்கரைச் சாலை வழியே செல்ல நேர்ந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். பால் வண்டிகளும் செய்தித்தாள் கட்டுகளும் மட்டுமே நடமாடி வந்த அந்நேரத்தில், இன்று ஆடவரும் மகளிரும் சிறு சிறு கூட்டங்களாய் ஓடிச் செல்கின்றனர். பேருந்தைப் பிடிப்பதற்காகவோ, எவரிடமிருந்தோ தப்புவதற்காகவோ ஓடும் ஓட்டமன்று அது. ஓட்டத்திற்காகவே ஓடும் ஓட்டம். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் தொடங்கிய இவ்வழக்கம் இன்று நகரின் பல பகுதிகளுக்கும் பரவி, பகுதிக்கொரு குழுவாக வளர்ந்துள்ளது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானை மனத்திற்கொண்டு, பலர் ஆறு மாதங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுகின்றனர்.

அவர்களுள் நம் சமணக் குடும்பத்துப் பிள்ளைகளும் உளர். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களில் கழனி வரப்பிலும் ஏரிக்கரையிலும் நம் பெரியோர் நடந்த நடைக்குக் கணக்கில்லை. பிழைப்பை நாடி நகருக்கு வந்த அடுத்த தலைமுறை அலுவலக நாற்காலியில் அமர்ந்தது. அதற்கடுத்த தலைமுறை கணினியின் முன் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் அமர்ந்திருக்கிறது. நாற்பது வயதிற்குள் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தோன்றி, மருத்துவரும் உடலை அசைக்குமாறு வற்புறுத்துகிறார். ஆகவே ஓடுகின்றனர். இதிற் பிழை காண்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம்.

வினா நமது இல்லத்திலேயே எழுந்தது. நம் தம்பி மகள் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிபவள். இரண்டாண்டுகளாக இத்தகைய குழுவொன்றில் ஓடி வருபவள். ஒருநாள் விடியுமுன் காலணியைக் கட்டிக்கொண்டிருந்தவளை நோக்கி நம் அன்னையார், "எங்கே போகிறாய்?" என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை, பாட்டி. பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திரும்பி வருகிறேன்."

"எங்கும் போகாமலிருப்பதற்கு இத்தனை காலடியா?"

எழுத்தறிவு மிகுதியும் பெறாத ஒரு மூதாட்டியின் வினா அது. ஆயினும் நம் ஆசாரியர்கள் நூலெழுதி வகுத்த ஒரு விரதத்தின் நடுப்புள்ளியை அது தொட்டுவிட்டது. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி உயிர்களுக்குத் தீங்கு நேரும் செயல்களை விலக்குவதே அது. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் இதனை ஐந்தாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைப் பிரமாதசரியை என்றார். வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளைக் கிள்ளுதல் ஆகியவற்றோடு, வீணே அலைதலையும் பிறரை அலையச் செய்தலையும் அவர் அதனுள் அடக்கினார். அந்நூலின் வழிநின்று தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் ஓதப்படுவதே. அலைதல் மட்டுமன்றிப் பிறரை அலையச் செய்தலும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனித்தால், ஓட்டக் குழு நடத்துவோரும் இவ்விசாரணைக்கு உட்பட்டவரே ஆகின்றனர்.

அவ்வாறாயின், ஓட்டம் பயனற்ற அலைச்சலா? முதலில் மாரத்தான் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். பண்டைய கிரேக்க நாட்டில் மாரத்தான் என்னுமிடத்தில் கிடைத்த போர் வெற்றியை ஏதென்சு நகரத்தார்க்கு அறிவிக்க ஒரு தூதன் ஓடிவந்து, சொல்லி முடித்ததும் உயிர் நீத்தான் என்பது கதை. அவனிடம் கொண்டு சேர்க்க ஒரு செய்தி இருந்தது. 1896 இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் அவ்வோட்டம் போட்டியாயிற்று. இன்று வழங்கும் 42.195 கிலோமீட்டர் என்னும் அளவு 1908 இல் இலண்டனில் ஓடப்பெற்று, 1921 இல் நிலைபெற்றது. செய்தி மறைந்து தொலைவு மட்டும் எஞ்சியது. நம் அன்னையார் கேட்டது இதைத்தான்.

ஆயினும் அவர் கூற்றை அப்படியே ஏற்க நமக்கு மனம் வரவில்லை. உடலைப் பேணுதல் பயனற்ற செயலன்று. நோயுற்ற உடலைக்கொண்டு சாமாயிகத்தில் அமரவும் இயலாது, முனிவர்க்கு ஆகாரதானம் செய்யவும் இயலாது. மேலும், இல்லறத்தான் புரியும் இம்சையை நம் முன்னோர் நான்காகப் பகுத்துள்ளனர். கொல்லவேண்டும் என்று கருதிச் செய்வது ஒன்று. சமைத்தல், கூட்டுதல் முதலிய இல்லப் பணிகளால் நேர்வது ஒன்று. தொழிலால் நேர்வது ஒன்று. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காத்தற்பொருட்டு நேர்வது ஒன்று. இவற்றுள் முதலாவதை அறவே விடுக என்றும், ஏனையவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்க என்றுமே இல்லறத்தார்க்கு விதித்தனர். நலம் கருதி ஓடுபவளின் காலடியில் ஓர் எறும்பு மாயுமாயின், அது கருதிச் செய்த கொலையாகாது.

அவளும் தன் தரப்பை உரைத்தாள். "பெரியப்பா, பாட்டி கோயிலுக்கு ஆட்டோவில் போகிறாரே! அந்தச் சக்கரத்தின் கீழ் மடிவதைவிடவா என் காலடியில் மிகுதியாக மடியப்போகிறது?" என்றாள். இதற்கு நாம் உடனே விடை கூறவில்லை, கூறுவதற்கும் எளிதன்று. நாற்பது கல் தொலைவிலுள்ள திருவிழாவிற்கு மழையிரவில் காரோட்டிச் செல்லும் நாம், இளையோரின் ஓட்டத்தில் மட்டும் உயிர்க்கொலையைக் காண்பது நேர்மையாகாது. எனினும், பிறிதொன்று பெரிய தீங்கு என்பதனால் சிறிய தீங்கு தீங்கன்று என ஆகிவிடாது என்பதும் உண்மை. வாதத்தை அத்துடன் நிறுத்திவிட்டு, நேரிற் காண்பதே முறையென்று கருதினோம்.

கார்த்திகைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்த நேரம். ஐந்து மணிக்கு அவளுடன் நாமும் சென்றோம், ஓடுவதற்கன்று, நடப்பதற்கு. இருபது பேர் அளவில் கூடியிருந்தனர். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர், இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்த செவிலி என்று பலதிறப்பட்டவர். எவரும் எவருடைய சாதியையும் சம்பளத்தையும் கேட்பதில்லை என்பதைச் சிறிது நேரத்திலேயே உணர்ந்தோம். கை கால்களை நீட்டி மடக்கிய பின் புறப்பட்டு, நொடியில் தெருவிளக்குகளுக்கு அப்பால் மறைந்தனர்.

நாம் கைப்பேசியின் விளக்கை ஏற்றிக்கொண்டு பின்னே நடந்தோம். சாலையோரத்து மண் நீரில் ஊறியிருந்தமையால் மண்புழுக்கள் தாரின்மேல் ஏறி நீண்டு கிடந்தன. தூங்குமூஞ்சி மரத்தடியில் மரவட்டைகள். மதிலோரமிருந்து சாலையின் நடுவை நோக்கி நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தொல்காப்பியர் ஈரறிவுயிர் என்று வகுத்ததும் நத்தையையே. நம் ஆகமங்கள் இரண்டு பொறிகளையுடைய இயங்குயிர் என்று வகுப்பதும் அதனையே. சில நசுங்கிக் கிடந்தன. காரால் நசுங்கியதோ மிதிவண்டியால் நசுங்கியதோ காலணியால் நசுங்கியதோ, அறிய வழியில்லை. குனிந்து அவற்றைப் பார்த்தவாறு நடந்துகொண்டிருந்தபோது யாரோ அழைக்கும் குரல் கேட்டு நிமிர்ந்தோம். அந்த ஒரு கணத்தில் நமது குதிகாலின் கீழ் ஏதோ நொறுங்கியது. ஒலி மிகச் சிறியது; காய்ந்த சருகு நொறுங்குவது போன்றது. காலை எடுத்துப் பார்த்தோம். பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

ஓடி முடித்து வியர்வை வழியத் திரும்பி வந்தவளிடம் சாலையில் கண்டதைச் சொன்னோம். "நான் எதையுமே பார்க்கவில்லையே, பெரியப்பா!" என்றாள். தான் குற்றமற்றவள் என்பதற்குச் சான்றாக அவள் அதைக் கூறினாள். நமக்கோ அதுவே வழக்கின் மையமாகப் பட்டது.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. நடக்குங்கால் நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழம், முன்னுள்ள நிலத்தை நோக்கி நடத்தல் வேண்டும். கதிரொளியில், பலர் நடந்து பழகிய வழியில் நடத்தல் வேண்டும். இல்லறத்தார்க்கு இது முழுமையாக விதிக்கப்பட்டதன்று என்பதை அறிவோம். ஆயினும் நான்கு முழம் என்று வரையறுத்தவர்கள் மனித நடையின் வேகத்தை நன்கு அறிந்தவர்கள் என்று தோன்றுகிறது. சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு முழம் ஏறத்தாழ ஆறடி. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஆறடியைக் கடக்க ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலாகும். கண்டு, உணர்ந்து, காலை நகர்த்தி வைக்க அது போதுமானது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் அதே ஆறடியை முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறார். அதற்குள் இரு கால்களும் நிலத்தைவிட்டு எழும்பிவிடுகின்றன. எழும்பிய காலைத் திருப்ப இயலாது. பத்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ பத்தாயிரம் காலடிகள். அத்தனையும் இருளில்.

முற்காலத்தில் அஞ்சல் சுமந்து ஓடியவர்கள் மணிகள் கட்டிய கோலை ஏந்தி ஓடினர் என்பர். பாம்பும் விலங்கும் அவ்வொலி கேட்டு விலகும். தன்னைக் காக்கவே அவன் மணி கட்டினான். ஆயினும் வழியிலிருந்த உயிர்களும் பிழைத்தன. நம் முனிவர் கையிலுள்ள மயிற்பீலியோ பிறவுயிரைக் காப்பதற்கென்றே ஏந்தப்படுவது. வெளியே செல்லும் பிள்ளைகளிடம் நம் தாய்மார் "பார்த்துப் போ" என்கின்றனர். பிள்ளைக்குத் தீங்கு நேராதிருக்கவே உலகோர் அவ்வாறு கூறுவர். பிள்ளையால் தீங்கு நேராதிருக்க வேண்டும் என்னும் பொருளும் அச்சொல்லில் சமணச் செவிக்குக் கேட்க வேண்டும்.

குந்தகுந்தாசாரியர் பிரவசனசாரத்தில் இவ்வினாவைக் கூர்மையாக ஆராய்ந்துள்ளார். உயிர் மாய்ந்தாலும் மாயாவிட்டாலும் கவனமற்று ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி என்றும், கவனத்தோடு ஒழுகுபவனுக்கு நேர்ந்த தீங்கு மாத்திரையால் வினைக்கட்டு இல்லை என்றும் அவர் கருத்து. பொன்னூர் மலையைக் காணும்போதெல்லாம் அவரை நினைக்கும் நம்மவர், அக்கருத்தின் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறுதலடைவது வழக்கமாகிவிட்டது. "மனத்தில் கொல்லும் எண்ணம் இல்லை, ஆதலால் பாவமில்லை" என்கிறோம். ஆசாரியர் கேட்பது கொல்லும் எண்ணம் இல்லாமையை அன்று; காக்கும் கவனம் இருத்தலை. இரண்டுக்கும் இடைவெளி பெரிது. அன்று காலை நம் காலடியில் நத்தை நொறுங்கியபோது நமக்குக் கொல்லும் எண்ணம் சிறிதும் இல்லை. அக்கணத்தில் கவனமும் இல்லை.

அவ்வாறெனில் இருளில் விரைந்து ஓடுபவர் எங்ஙனம் கவனத்தோடு ஓடுவது? இயலாது என்பதே நமது துணிபு. நல்லெண்ணம் கண்ணுக்கு ஒளியாகாது. ஓடத் தொடங்கிய பின் கவனம் செலுத்துவதற்கு இடமே இல்லையாதலின், ஓடுபவர் தம் கவனத்தையெல்லாம் காலெடுத்து வைக்குமுன்பே செலவிட்டாக வேண்டும். எந்த நேரம், எந்தப் பருவம், எந்தத் தரை என்று தேர்ந்துகொள்வதிலேதான் ஓடுபவரின் ஈர்யா சமிதி அடங்கியிருக்கிறது.

பருவத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மழைக்காலத்தில் உயிர்கள் பெருகுவதால் முனிவர்கள் ஓரிடத்திலே தங்கும் சாதுர்மாசியம் ஆஷாட மாதத்தில் தொடங்கிக் கார்த்திக மாதத்தில் நிறைவுறுகிறது. வடபுலத்துப் பருவமழையை ஒட்டி அமைந்த கணக்கு அது. சென்னைக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. முனிவர் தங்கல் முடித்துப் புறப்படும் வேளையில்தான் நம் சாலைகளில் புழுவும் நத்தையும் நிறைகின்றன. ஜனவரி மாரத்தானுக்கு மிகுந்த தொலைவு ஓடிப் பழகவேண்டிய வாரங்களும் அவையே. போட்டியை யாரும் இதைக் கருதி அமைக்கவில்லை. வெயில் தணிந்த மாதம் என்று கருதி அமைத்தனர். ஆயினும் நமக்கு இப்பொருத்தம் அச்சந் தருவதாக இருக்கிறது.

இதே கடற்கரையில் இதே வயதினர் வேறுவிதமாக இருளில் செல்வதையும் காணலாம். ஜனவரி முதல் மார்ச்சு வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். 1988 முதல் மாணவர்கள் முன்னின்று நடத்திவரும் ஒரு குழுவினர், நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து ஆமையின் தடத்தைத் தேடுகின்றனர். தடம் கண்டால் முட்டைகளை எடுத்துச் சென்று வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காக்கின்றனர். 2025 ஜனவரியில் இக்கரையெங்கும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது அவற்றை எண்ணிக் கணக்கெடுத்தவர்களுள் இத்தகையோரும் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் சமணர் என்று நாம் அறியோம். தரையை நோக்கி நடக்கின்றனர் என்பதை மட்டும் அறிவோம். ஓடுபவர்களுள்ளும் சிலர் இந்நடையில் கலந்துகொள்வதுண்டு என்று தம்பி மகள் கூறினாள். ஒரே கால்கள் இரு விதமாகவும் செல்லக்கூடியவை என்பது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

செருக்கைப் பற்றிச் சில சொற்கள். எண்வகை மதங்களுள் வலிமையால் வரும் செருக்கும், உடலழகால் வரும் செருக்கும், தவத்தால் வரும் செருக்கும் உண்டு. ஓட்டம் மூன்றையும் ஒருங்கே தரவல்லது. கைக்கடிகாரம் ஒவ்வொரு கிலோமீட்டரையும் எண்ணுகிறது. பதக்கங்கள் சுவரில் தொங்குகின்றன. உடலை வருத்துவதால் இதனையும் காயக்கிலேசம் என்னும் தவமாகக் கொள்ளலாம் என்று ஓர் அன்பர் நம்மிடம் வாதிட்டார். உடற்பற்று நீங்குவதற்காக உடலை வருத்துவது வேறு, உடல் இன்னும் சிறப்பதற்காக வருத்துவது வேறு என்று கூறி அனுப்பினோம்.

எனினும் ஓட்டத்தாரிடம் நாம் கண்டு வியந்த ஒன்றை மறைத்தல் தகாது. போட்டியில் வேகங்காட்டுநர் என்று சிலர் ஓடுகின்றனர். அவர்களைப் பேசர் என்று அழைக்கின்றனர். தம்மால் விரைந்து ஓட இயலுமாயினும் குறித்த நேரத்திற்குரிய சீரான வேகத்தில், நேரம் எழுதிய கொடியை ஏந்தி ஓடுகின்றனர். அவ்வேகத்தில் முடிக்க விரும்புவோர் அவரைப் பின்பற்றிச் செல்வர். இரண்டரை மணி நேரத்தில் அரை மாரத்தானை, அதாவது 21.1 கிலோமீட்டரை, முடிக்க விரும்பிய ஒருவர் அதனை எய்தினால், அது பேசருக்குக் கிடைத்த வெற்றி. தம் நேரத்தைப் பிறருக்காக விட்டுக்கொடுத்தல் இது. கண்பார்வையற்றவரோடு ஒரு கயிற்றைப் பிடித்து உடன் ஓடுவோரும் உளர். இவர்களது ஓட்டத்தை வீண் அலைச்சல் என்று சொல்ல நம் நா எழவில்லை. நம் அன்னையாரும் இதைக் கேட்டபின் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

நமது இல்லத்தில் ஒருவாறு ஓர் ஏற்பாடு உருவாயிற்று. மழை மாதங்களில் தம்பி மகள் விடிந்தபின்னரே புறப்படுகிறாள். இரவில் மழை பெய்த நாட்களில் சாலையை விடுத்து அடுக்ககத்தின் மொட்டை மாடியிலேயே சுற்றிச் சுற்றி ஓடுகிறாள். முப்பது நிமிடத்திற்கு மேல் அங்கு ஓடினால் தலை சுற்றுகிறது என்று குறைப்படுகிறாள். வேனிற்காலத்தில் விடிந்தபின் ஓடுவது இந்நகரில் கடினம் என்பதை நாமும் ஒப்புகிறோம். அப்போது இரவில் நிலம் காய்ந்திருக்கும். விளக்கொளி நிறைந்த அகலச் சாலையில் ஓடலாம். நூலில் கண்ட விதியென்று இதைச் சொல்லவில்லை. நமக்குத் தோன்றியது.

தீராது நிற்பது வேறொன்று. இரவுண்ணா நோன்பு நம் குடும்பங்களில் இன்றளவும் தளராத ஒழுக்கம். மாலையில் விளக்கேற்றுமுன் உண்டு முடித்தலை மட்டும் நம்மவர் நினைக்கின்றனர். கதிரவன் எழுமுன் உண்பதும் இரவுணவே. முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தருகே விடியுமுன்பே, நாலு மணி அளவில், தொடங்குகிறது. ஜனவரியில் சென்னையில் கதிரவன் எழுவது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. அதுவரை வியர்வை சிந்தி ஓடுபவர் நீரருந்தாதிருத்தல் உயிர்க்கே ஊறு விளைக்கும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். வழியில் தரும் நீரோ வடிகட்டியதா என்று கேட்பதற்கும் நேரமில்லை. களைப்பு நீங்கத் தரும் இனிப்புப் பாகுகளிற் சிலவற்றில் தேன் கலந்துள்ளது. மெல்லும் வகைகளிற் சிலவற்றில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் உள்ளது. இவற்றை விலக்குவது எளிது. பேரீச்சம்பழமும் வெல்லமும் கையில் கொண்டு செல்லலாம். விடியலுக்கு முன்னான அந்த நீர்தான் விலக்க இயலாதது.

இதனை நம் பண்டிதர் ஒருவரிடம் கேட்டோம். நோயாளிக்கு மருந்துநீர் அருந்த விலக்குண்டு என்றார். ஓடுபவர் நோயாளியா என்று கேட்டோம். சிரித்துவிட்டு, தானே விரும்பி மேற்கொண்ட தாகத்திற்கு விலக்கு கேட்பது முறையா என்று நம்மையே திருப்பிக் கேட்டார். தம்பி மகள் அரை மாரத்தான் வரை ஓடிவிட்டாள். வரும் ஜனவரியில் முழு ஓட்டத்திற்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்னும் ஆசை இரண்டாண்டுகளாக அவளுக்கு உண்டு. பதிவு செய்யும் நாள் நெருங்குகிறது. இந்த ஒரு நீரை முன்னிட்டு அவள் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.